கடலைக்காரர் பார்க்காத படம்

யுத்தம் முடிந்த வருஷம், காடுகளில் கடலை பிடுங்கி முடிந்த சமயத்தில், அரியலூர் டூரிங் கொட்டகைக்குப் பிணங்கள் எழுந்து நடக்கும் படம் ஒன்று வந்தது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எடுத்தவர்களுக்கு அதனால் பெருமை ஒன்றும் சேராது.

கதை சிறியது. ஓர் ஊரில் அம்மை வார்த்துப் பலர் சாகிறார்கள். பறை அடித்து, ஒப்பாரி வைத்து, வாய்க்கரிசி போட்டு, ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். ஒரு மந்திரவாதி ஏதோ வேரைக் கொளுத்திப் புகை போடுகிறான். புதைத்தவர்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்து, ரத்தம் ரத்தம் என்று ஊருக்குள் வருகிறார்கள். கடிபட்டவனும் செத்து எழுந்து கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறான். கடைசியில் கதாநாயகன் மந்திரவாதியைக் கிணற்றில் தள்ள, பிணங்கள் எல்லாம் வரப்பில் வரிசையாகப் படுத்துவிடுகின்றன.

பிலிமுக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் எடுத்த படம். கையில் பணமும் இருந்திருக்காது போல. ஐந்தாறு பேரையே ஆலமரத்தைச் சுற்றிச் சுற்றி வரவிட்டு ஒரு கூட்டம் என்று காட்டியிருந்தார்கள். நிலா நூலில் ஆடியது. ஒரு பிணம் நெருஞ்சி முள்ளைப் பார்த்துக் காலைத் தூக்கித் தாண்டி வைத்தது. முகத்துக்கு அரிசிமாவுப் பசையை உருட்டி உருட்டி ஒட்டி அம்மைத் தழும்பு என்று விட்டிருந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது. என் தொழில் அம்மை குத்துவது. அம்மைப்பால் குப்பியையும் குத்துக்கருவியையும் எடுத்துக்கொண்டு அரியலூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், தெருத்தெருவாகக் கையை நீட்டச் சொல்வது. தழும்பு என்பது குழி. படத்தில் அது மேடாக இருந்தது.

ஆனால் மண்ணெண்ணெய் என்ஜின் தள்ளிக்கொடுத்த மங்கலான வெளிச்சத்தில் குழியும் மேடும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

கடைத்தெருவில் நான் காலையில் காபி குடிக்கும் கடையில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை.

"எல்லாம் சரி. பொணத்தை எதுக்குய்யா பொதைக்கிறான்? எரிச்சிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்குமே" என்றார் கடைக்காரர், காபியை ஆற்றிக்கொண்டே.

"அம்மையில போனவங்களை யாரு எரிப்பா? தாயி ஒடம்புல இருக்கிறப்ப தீ வெக்கிறதா?" என்றார் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர்.

"அப்போ தாயி இருந்த ஒடம்பு எப்படி பேயா நடக்கும்? அதைச் சொல்லு மொதல்ல."

வண்டிக்காரர் மூலையில் உட்கார்ந்திருந்த வாத்தியாரைப் பார்த்தார். வரதராஜன்பேட்டைக்காரர், கிறிஸ்தவர்.

"சார், செத்தவங்க எந்திரிப்பாங்கன்னு உங்க வேதத்துல இருக்காமே. நீங்க சொல்லுங்க."

"எந்திரிப்பாங்கதான்" என்றார் வாத்தியார். "அது கடைசி நாள்ல, எல்லாரும் ஒண்ணா. இந்த மாதிரி அஞ்சாறு பேரு மட்டும் எந்திரிச்சு ஆலமரத்தைப் பிரதட்சணம் பண்ண மாட்டாங்க."

கடை முழுக்கச் சிரித்தது. முள்ளைத் தாண்டிய பிணத்தைப் பற்றி ஒருவர் நடித்துக் காட்டினார். நேற்று ராத்திரி தன் பெண்டாட்டி கொல்லைக்குப் போகத் துணைக்கு எழுப்பினாள் என்று இன்னொருவர் சொன்னார். சிரிப்பு அடங்கும்போது வண்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சொன்னாலும் அந்த மூஞ்சி மட்டும் பயமாத்தான் இருந்துச்சு. அப்படியே நம்ம..."

கடைக்காரர் கண்ணால் வாசலைக் காட்டினார். கடலைக்காரர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். எல்லோரும் காபியைக் குடித்தார்கள்.

"என்னங்க, நான் வந்ததும் மழை நின்ன மாதிரி ஆயிடுச்சு?" என்றார் அவர்.

"படத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். நீங்க பாத்தாச்சா?"

"நானெங்க பாக்குறது? ரீலு ஓடுறப்ப வெளில அடுப்பைப் பாக்கணும். லைட்டு போட்டா உள்ள ஓடணும். ஊளை உடுற சத்தம் மட்டும் கேக்குது. ஆனா ஒண்ணு, பயந்தா கடலை நல்லா விக்குது."

அவர் என் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முகம் முழுவதும் நெருக்கமான அம்மைத் தழும்பு. குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர் அவர் சொந்த ஊர். மீசை அரும்பிய வயதில் அம்மை வார்த்து, மூச்சு நின்றுவிட்டது என்று பாடையில் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் இறக்கியிருக்கிறார்கள். குழி வெட்டும்போது அசைந்திருக்கிறார். தூக்கி வந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இந்தக் கதையைச் சொல்லாதவர் இல்லை. அவரே சொல்லிச் சிரிப்பார். "எனக்கு வெட்டின குழி இன்னும் சும்மாத்தான் கெடக்கு, யாருக்காச்சும் வேணுமா?" என்று கேட்பார்.

அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக நின்றிருந்தது. அவருடைய ஒரே பெண்ணைப் பார்க்கக் குன்னம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஊரில் இந்தக் கதையைக் கேட்டதும் மறுபடி வரவில்லை. செத்தவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று யாரோ கேட்டார்களாம். இப்போது அரும்பாவூரிலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. பெண்ணைப் பார்த்தாயிற்று, பொருத்தம் பார்த்தாயிற்று. பையனின் தாயும் தாய்மாமனும் வந்து முடிவு சொல்லவேண்டியதுதான் பாக்கி. பையனின் தகப்பனார் வெங்காயம் சேமித்து வைத்த பட்டறையை விட்டு நகர முடியாதவர். அவர் வீட்டில் அந்த அம்மாள் சொன்னதுதான் முடிவு என்று கேள்வி.

"கதையை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேட்டா மறைக்க மாட்டேங்க. கேக்காம நானாப் போயி சொல்லவும் மாட்டேன்" என்றார். கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "இதுவும் போயிட்டா அந்தப் புள்ளைக்கு இந்த ஜில்லாவுல மாப்பிள்ளை கெடையாது" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் வீட்டில் பேச்சு முடிந்து, சரி என்று வாய் திறந்து சொல்லும்வரை, மாப்பிள்ளை வீட்டார் அங்கே எதுவும் சாப்பிட மாட்டார்கள். ஒரு வாய் தண்ணீரும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். குடித்தால் சம்மதம் என்று பொருள். ஆகவே அரும்பாவூரார் முதல் நாளே வந்து, ராத்திரி எங்கள் வீட்டில் தங்கி, மறுநாள் காலை நல்ல நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடாயிற்று. என் மனைவி அவர்களுக்குத் தூரத்து உறவு.

அவர்கள் வந்த அன்று எனக்கு தா.பழூர்ப் பக்கத்தில் வேலை. திரும்பும்போது, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் கரிகேஸ் பஸ் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி உலையைக் கிளறி, கரி போட்டு, துருத்தியைச் சுற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் விருந்தாளிகளின் பை இருந்தது, ஆட்களைக் காணோம். என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்:

"வந்து ரொம்ப நேரம் ஆச்சு. அடுத்த வூட்டுக்கும் போக முடியாது, இங்கயே எம்புட்டு நேரந்தான் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க? அந்த மாமன்காரரு ஊர்ல என்ன படம்னு கேட்டாரு. அடுத்த வூட்டு அண்ணன்தான் கொட்டகை மேனேஜர்கிட்ட சொல்லி, டிக்கெட் இல்லாமலே உள்ள உட்டுட்டு வந்துட்டாரு. அவருக்கு ஒரே பெருமை."

"எந்தப் படத்துக்கு?"

"ஊர்ல ஓடுறது ஒரு படந்தானே?"

அவள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. கடலைக்காரரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அவரிடம் முள்ளைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் பேசினோமே தவிர, பிணங்களின் முகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் குப்பிப் பெட்டியை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் கொட்டகைக்கு நடந்தேன்.

நான் போகும்போது படம் ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் என்னைப் பெஞ்சு வகுப்பில் தாய்மாமனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். பருத்த உடம்பு, முறுக்கிய மீசை, மடியில் காசு கொடுத்து வாங்கிய கடலைப் பொட்டலம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பு உயர மண்சுவர். அதற்கு அப்பால் முதல் வரிசையில் பையனின் தாயார் உட்கார்ந்திருந்தார். முந்தானையைக் காதுவரை இழுத்து மூடியிருந்தார்.

"ஆபீஸ்லேருந்து இப்பத்தான் வரீங்களா? நல்ல சமயத்துக்கு வந்தீங்க, ஒருத்தன் சாவக் கெடக்கான்" என்றார் மாமன்.

ஒரே மிஷின் வைத்திருந்த கொட்டகை அது. ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். முதல் ரீல் முடிந்தபோது பிணங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. கடலைக்காரர் கூடையுடன் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். மண்சுவரோரம் நின்று, அந்த அம்மாளைப் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டு, "கடலே, வறுத்த கடலே" என்று கூவிக்கொண்டு போனார்.

"குரலு கணீர்னு இருக்கு. மனுசன் தங்கமானவர்தான்" என்றார் மாமன்.

விளக்கு அணைந்தது. இந்த ரீலில்தான் எழுந்திருக்கும். இது முடிந்ததும் அவர் உள்ளே வருவார். வெளியே போய் அவரை நிறுத்திவிட வேண்டும் என்று எழுந்தேன். மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீங்க? இப்பத்தானே சூடு புடிக்குது."

"இதோ வந்துடறேன்."

"யோவ், மேல்துண்டு! குந்துய்யா! திரை மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். திரையில் மண் விரிந்து ஒரு கை வெளியே வந்தது. தரை டிக்கெட்டில் ஒருவன் வீறிட்டான். அவனைப் பார்த்துச் சுற்றிலும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டே நடந்து, கால்களை மிதித்து, திட்டு வாங்கி, வெளியே வந்தேன்.

ஆண்கள் வாசலுக்கு வெளியே அவருடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவரைக் காணோம். மேனேஜரைக் கேட்டேன். "பொம்பளைங்க வாசப்பக்கம் போனாரு. சம்பந்தியம்மாவுக்குத் தனியா ஒரு பொட்டலம் குடுக்கணும்னு சொன்னாரு" என்றார். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். முளைக்கயிறுகள் இருட்டில் தெரியவில்லை. ஒன்றில் தடுக்கி விழப்பார்த்தேன். பெண்கள் வாசலை எட்டும்போது என்ஜின் சத்தம் மாறியது. உள்ளே விளக்குப் போட்டுவிட்டார்கள்.

திரையில் பிணங்கள் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அதன் முன்னால், கூடையுடன், விளக்கு வெளிச்சம் முகத்தில் விழ, கடலைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், ஒண்ணு திரையிலேருந்து எறங்கி வந்துடுச்சுடா!"

சிரிப்பு இடி மாதிரி விழுந்தது. அவரும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

"கிண்டல் இல்லடா. இவரு நெசமாவே பாடையிலேருந்து எந்திரிச்சு வந்தவருதான். குன்னத்துப் பக்கம் போயிக் கேளு! இந்தப் படமே இவரு கதையைத் திருடித்தான் எடுத்திருக்கான்!"

அதைச் சொன்னவன் கெட்டவன் இல்லை. எங்கள் தெருவில் தினமும் சொல்லுகிற வேடிக்கையைத்தான் சொன்னான். ஆனால் அது மண்சுவரைத் தாண்டிப் போயிற்று. ஒரு குழந்தை கடலைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தாய் அந்தக் கையை இழுத்துக்கொண்டாள். கடலைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அரும்பாவூர் அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து நின்றிருந்தார். முந்தானை காதிலிருந்து நழுவியிருந்தது. முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. தனியாகக் கட்டிய பொட்டலம் இவர் கையிலேயே இருந்தது. விளக்கு அணைந்தது.

நான் திரும்பிப் பெஞ்சுக்கு வந்தபோது மாமன் கடலை தின்பதை நிறுத்தியிருந்தார்.

"அந்தப் பயலுக சொன்னது நெசங்களா?"

"எதுவானாலும் காலையில அவர்கிட்டயே கேளுங்க. கேட்டா மறைக்க மாட்டார்" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. அதன்பிறகு விளக்குப் போட்டபோதெல்லாம் கடலைக்குரல் வரவில்லை.

காலையில் சுவருக்கு அப்பாலிருந்து சமையல் வாசனை வந்தது. அவர்கள் விடியலுக்கு முன்பே ஆரம்பித்திருக்கிறார்கள். நெய் காய்ச்சும் மணம், ஏலக்காய் தட்டும் சத்தம். எங்கள் வீட்டில் மாமன் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்.

"பெரம்பலூர் பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார்.

"ஏண்ணே, நல்ல நேரத்துக்கு இன்னும் பொழுது இருக்கே" என்றாள் என் மனைவி.

"நல்ல நேரத்துக்குத்தான் கெளம்பலாம்னு பாக்கறோம்" என்றார் அவர், கூடத்தில் உட்கார்ந்திருந்த தமக்கையைப் பார்த்துக்கொண்டே. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. இந்தச் சுவரில் எதுவும் மறையாது.

சற்றுப் பொறுத்துக் கடலைக்காரர் வாசலில் வந்து நின்றார். நேற்றைய புதுச் சட்டை இல்லை. மேலில் துண்டு மட்டும் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடுக்கில் பெண்ணின் பாவாடை ஓரம் தெரிந்தது.

"உள்ள வரலீங்க. இங்கேயே நின்னு சொல்லிடறேன்" என்றார். "நேத்து அந்தப் பசங்க சொன்னது நெசந்தான். என்னை எடுத்துட்டுப் போனாங்க. நான் எந்திரிச்சு வந்தேன். நீங்க கேட்டா சொல்லணும்னு இருந்தேன். கொட்டகையில வெச்சு நீங்க கேக்கற மாதிரி ஆயிடுச்சு."

மாமன் என் பக்கம் திரும்பினார். "நீங்க அம்மை குத்துற ஆளு. நீங்க சொல்லுங்க. இது என்னாங்க?"

"ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வராதுங்க. அவர்கிட்டேருந்து பெண்ணுக்கோ, பேரன் பேத்திக்கோ ஒட்டுற சங்கதி இல்லை" என்றேன்.

"அதை யாருங்க கேட்டா?" என்றார் அவர். அது நியாயமான கேள்விதான். பிறகு கடலைக்காரரைப் பார்த்து, "பறை அடிச்சாங்களா? வாய்க்கரிசி போட்டாங்களா?" என்று கேட்டார்.

அவர் எதைக் கேட்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்க்கரிசி போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது; பிழைத்து வந்தாலும் அவன் செத்தவன்தான். அப்படிப்பட்டவன் தாரை வார்த்துக் கொடுக்கும் பெண்ணை யார் ஏற்பார்கள்?

"ஒண்ணும் இல்லீங்க" என்றார் கடலைக்காரர். "தாயி வந்த வூட்டுல யாரு பறை அடிப்பா? அழக்கூட கூடாதுன்னு எங்கம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. வேப்பிலையில போட்டு, மஞ்சத்துணி மூடி, நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான்."

"நேத்துப் படத்துல பறை அடிச்சாங்களே?"

அதுவரை வாய் திறக்காத அம்மாள் அப்போது பேசினார். "படத்துல நெலாவைக்கூடத்தான் கயித்துல கட்டித் தொங்க உட்டான். நீ சித்த சும்மா இரு தம்பி." பிறகு வாசலைப் பார்த்தார். "எந்திரிச்சீங்களே, எந்திரிச்சதும் என்ன பண்ணுனீங்க?"

கடலைக்காரர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நூறு தடவை சொன்ன கதைதான். ஆனால் அவர் கதையில் எப்போதும் ஓடியவர்களைப் பற்றித்தான் சொல்வார். அதற்குப் பிறகு நடந்ததை நானும் அன்றுதான் கேட்டேன்.

"கண்ணு தெறக்க முடியலீங்க. சீழு கட்டி ஒட்டிக்கிச்சு. தொண்டை வெந்து போயிருந்துச்சு. தண்ணின்னு கேட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடிட்டாங்க."

"அப்புறம் யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கலீங்க. தவள மாதிரி ஈரத்தை மோந்துக்கிட்டே ஊர்ந்து போயி, ஏரியில வாயை வெச்சுக் குடிச்சேன். பொழுது எறங்கினதும் வூட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திக்கிட்டாங்க."

"பெத்தவங்களா?"

"பெத்தவங்கதான். அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேங்க. கதவுக்கு வெளில நின்னும் தண்ணின்னுதான் கேட்டேன். தெறக்கல. மாரியம்மன் கோயில்ல போயிப் படுத்துக்கிட்டேன். யாரோ கூழு வெச்சுட்டுப் போவாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

பாதித் திறந்த கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. மாமன் மீசையைத் தடவிக்கொண்டே தன் பையைப் பார்த்தார். இப்போது அந்த அம்மாள் எழுந்து பையை எடுக்கச் சொன்னால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் எழுந்தார். முந்தானையைக் காதுக்கு மேல் தூக்கினார். காதின் பின்புறத்திலிருந்து கழுத்து வரைக்கும் நெருக்கமான தழும்புகள். குழியான, நிஜத் தழும்புகள்.

"எனக்கும் வந்துச்சு. பேச்சு மூச்சு இல்லாம கெடந்தேன். தாயி முகத்தை உட்டுட்டு இங்க மட்டும் முத்து வெச்சா" என்றார். "நேத்து அந்தப் படத்துல எந்திரிச்சதெல்லாம் ரத்தம் ரத்தம்னு அலைஞ்சுதுல்ல? எடுத்தவன்ல ஒருத்தன்கூட அம்மையில கெடந்தவன் கெடையாது. ஒரு நாளு கெடந்திருந்தா தெரியும், என்ன கேப்பாங்கன்னு. ஒலகத்துல வேற ஒண்ணும் வேணாம். தண்ணிதான்."

"அக்கா, ஊர்ல நாலு பேரு..." என்று மாமன் ஆரம்பித்தார்.

"ஊர்ல நாலு பேரு கேட்டா, அம்மையில கெடந்து எந்திரிச்சவர் வூட்டுல பொண்ணு எடுத்தோம்னு சொல்லு. எங்கக்காவும் அப்படி எந்திரிச்சவதான்னு சேத்துச் சொல்லு."

அவர் வாசல்படி இறங்கினார். கடலைக்காரர் விலகி நின்றார். அந்த அம்மாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு திரும்பினார்.

"அண்ணே, உங்க கையால ஒரு செம்பு தண்ணி மொண்டு குடுங்க."

அண்ணே என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். கடலைக்காரர் உள்ளே ஓடினார். குடத்தில் செம்பு இடிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கொண்டுவரும்போது பாதித் தண்ணீர் படியிலேயே சிந்திவிட்டது. அந்த அம்மாள் அண்ணாந்து, நிறுத்தாமல், செம்பைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

மாமன் எங்கள் வாசலிலேயே நின்றார். தமக்கை அவரைக் கூப்பிடவில்லை. பையைப் பார்த்தார், அடுத்த வீட்டு வாசலைப் பார்த்தார், உள்ளேயிருந்து வந்த நெய் வாசனையை இழுத்து விட்டார். கடலைக்காரர் செம்பை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து, நீட்டாமல், கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் மாமன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் அதை வாங்கினார். குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து அந்தப் படத்தை ஓசியில பாத்ததும் நல்லதாப் போச்சுண்ணே" என்றார். "காசு குடுத்துப் பாத்திருந்தா வவுறு எரிஞ்சிருக்கும்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, எத்தனை இலை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.